நாகர்கோவிலில் இருக்கும் காது

பாட்காஸ்ட் எடிட்டர் என்றால் 'ம்', 'ஆ' எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இசை போட்டுக் கொடுப்பவர் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுக்கு எதுக்கு ஒரு ஆள், ஒரு ஆப்பில் போட்டால் அதுவே செய்துவிடாதா, அதுவும் எங்கேயோ இன்னொரு ஊரில் உட்கார்ந்திருக்கிற ஆள் எதற்கு என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவர் பக்கத்தில் இல்லாததுதான் பெரிய லாபம் என்பது என் கட்சி. எப்படி என்று சொல்கிறேன்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள், லேத் ஓட்டுபவர்கள், மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்கள், ஃபவுண்டரியில் மோல்டிங் போடுபவர்கள், இவர்களோடு உட்கார்ந்து அவர்கள் தொழிலைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதுதான் எங்கள் நிகழ்ச்சி. எடிட்டர் தம்பி இருப்பது நாகர்கோவிலில், வீட்டு மாடியில் ஒரு சின்ன அறையில். முன்பு ஒரு எஃப்எம் நிலையத்தில் புரொடக்‌ஷன் பார்த்தவர், இப்போது வீட்டிலிருந்தே நான்கைந்து நிகழ்ச்சிகளுக்கு எடிட் செய்கிறார். நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்ததே கிடையாது. ஆரம்பத்தில் என்னை மேடம் என்றார், அது எனக்கு ஒத்துவரவில்லை, இப்போது அக்கா.

வெட் கிரைண்டர் செய்கிற ஒரு பெரியவரோடு பேசிய பதிவை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, அதற்கு ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்தான் பேர்போனது. பெரியவர் நல்ல பேச்சுக்காரர். "மொதல்ல கல்லு இவ்வளவு இருக்குமுங்க, அதக் கடைஞ்சு கடைஞ்சு இவ்வளவுக்குக் கொண்டு வரோணும், இங்க ஒரு நூல் தப்புனாலும் ஓட்டும்போது ஆட ஆரம்பிச்சிரும்" என்றார். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது, நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே இதைத்தான் வைக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். பதிவைக் கேட்டுவிட்டுத் தம்பி அனுப்பிய குறிப்பில், பதிவின் நிமிடமும் வினாடியும் போட்டு, இரண்டே வரி இருந்தது: "12:40, இவ்வளவுன்னா எவ்வளவு அக்கா? 12:46, இங்கன்னா எங்க?"

பெரியவர் முதல் 'இவ்வளவு'க்கு இரண்டு கையையும் அகல விரித்தார். இரண்டாவதுக்கு ஒரு சாண் அளவுக்குச் சுருக்கினார். 'இங்க' என்றபோது கல்லின் நடுத்துளையின் ஓரத்தை விரலால் தொட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாம் விளங்கிவிடும், காதில் மட்டும் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. தம்பியும் அந்தப் பட்டறையில் என்னோடு உட்கார்ந்திருந்தால் அவருக்கும் விளங்கியிருக்கும், அந்தக் கேள்வி வந்தே இருக்காது, நிகழ்ச்சி அப்படியே வெளியே போயிருக்கும். கடைசியில் பெரியவருக்குப் போன் போட்டு அளவைக் கேட்டு, என் குரலில் ஒரு வரி பேசி அனுப்பினேன், அதை அவர் இடையில் சேர்த்தார். இப்போதெல்லாம் யாராவது கையைக் காட்டினால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: "ஒரு ஒன்றரை அடி இருக்குங்களா?" ஆளும் "ஆமாங்க, ஒண்ணே முக்கால்" என்று திருத்திச் சொல்வார், அதுவே நல்ல பேச்சாகிவிடும்.

நிகழ்ச்சியை வீட்டுக்காரரிடமோ நண்பர்களிடமோ போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்பதில் பெரிய பயன் இல்லை. அவர்களுக்கு நம்மைத் தெரியும், விருந்தினரைப் பற்றியும் சாப்பாட்டு நேரத்தில் ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருப்போம். தூரத்தில் இருக்கிற எடிட்டருக்கு வந்து சேருவது ஒலி மட்டும்தான், கடைசியில் கேட்கப்போகிற ஆளுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். அதனால் பதிவுக்கு முன்னால் விருந்தினரைப் பற்றி நான் தம்பியிடம் எதுவுமே சொல்வதில்லை, பெயரும் தொழிலும் மட்டும். "31-ஆவது நிமிஷத்துல ரெண்டு பேரும் ஏதோ பாத்துட்டு இருக்கீங்க போல, கேக்கறவங்க போன் கட்டாயிருச்சுன்னு நினைப்பாங்க", "இவர் இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிட்டார், ரெண்டாவதுதான் நல்லா இருக்கு, மொதல்ல உள்ளத எடுத்துரவா?" இப்படியான குறிப்புகள் வருவது அதனால்தான்.

சரி, இனி தொழில்நுட்பப் பக்கம். வெளியூர் விருந்தினர் என்றால் ஜூமிலோ கூகுள் மீட்டிலோ பேசுகிறோம், ஆனால் அந்த அழைப்பின் ஒலியைக் கடைசி நிகழ்ச்சியில் பயன்படுத்துவதில்லை. அழைப்பில் போகிற குரலை அந்த மென்பொருள் சுருக்கித்தான் அனுப்பும், நெட் தடுமாறினால் இன்னும் சுருக்கும், வழியில் தொலைந்துபோன துண்டை ஏதோ வைத்து ஒட்டிக்கொள்ளும். பேசும்போது இது உறுத்தாது, எதிராளி முகம் இருக்கிறது, விடுபட்டதை மூளை நிரப்பிக்கொள்ளும். இயர்போனில் தனியாகக் கேட்டால்தான் தெரியும். ஆகவே அவரவர் பக்கத்தில் அவரவர் குரலைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்க வானொலிக்காரர்கள் டேப் சிங்க் என்று இதைப் பல காலமாகச் செய்துவருகிறார்கள்: தொகுப்பாளர் போனில் கேள்வி கேட்பார், விருந்தினர் ஊரில் வேறொருவர் அவர் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போது ரிவர்சைடு, ஜென்காஸ்டர் போன்ற தளங்கள் பிரவுசரிலேயே இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பதிந்து மேலே ஏற்றிவிடுகின்றன. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் எங்கள் விருந்தினர்கள் பாதிப் பேரிடம் லேப்டாப்பே கிடையாது. அவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: மகன் போனிலோ மகள் போனிலோ ஜூமில் பேசுங்கள், உங்கள் போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு ஏர்பிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நாலு புத்தகத்தின் மேல் வையுங்கள், ஜூம் பேச்சு இயர்போனில் கேட்கட்டும். போன் மைக் ஒன்றும் மோசமில்லை. நாலடி தள்ளி மேசையில் மல்லாந்து கிடக்கிற போன்தான் மோசம்.

இப்படித் தனித்தனியாகப் பதிந்ததைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆரம்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இரண்டு பேரும் கை தட்டினால், அந்தத் தட்டல் அலைவடிவத்தில் ஊசி மாதிரி நிற்கும், இரண்டு ஊசியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் சேர்ந்துவிடும். ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. வித்தியாசம் மிகச் சின்னது, பத்து லட்சத்தில் இருபது பங்கு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு வினாடியின் நூறில் ஏழு பங்குதான் விலகும். அதுவே போதும், என் குரல் அவர் மைக்கிலும் லேசாக விழுந்திருந்தால் எக்கோ மாதிரி ஆகிவிடும். அதற்காக முடிக்கும்போதும் ஒரு தட்டல். முதல் தட்டலையும் கடைசித் தட்டலையும் வைத்துத் தம்பி அந்த டிராக்கை ஒரு மயிரிழை இழுத்தோ சுருக்கியோ சரி செய்துவிடுவார். இதைவிடப் பெரிய தொல்லை ஒருவர் 44.1 கிலோஹெர்ட்ஸிலும் இன்னொருவர் 48-லும் பதிவது (கருவி ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்து பதிகிறது என்ற கணக்கு அது). எடிட்டிங் மென்பொருள் தானே மாற்றிக்கொண்டால் பிரச்சினை இல்லை. மாற்றாமல் 44.1-ஐ 48 என்று நினைத்து ஓட்டினால் குரல் கிட்டத்தட்ட 9 விழுக்காடு வேகமாகவும் கீச்சென்றும் வரும். ஐம்பது வயது ஃபவுண்டரிக்காரர் பள்ளிக்கூடப் பையன்போலப் பேசுவார்.

ஃபேன் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கோயம்புத்தூர் குளுகுளு ஊர் என்பதெல்லாம் பழைய கதை, ஏப்ரலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் விருந்தினர் நம்மைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். இருந்தாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஃபேன் சத்தத்தை அப்புறம் மென்பொருளில் எடுத்துவிடலாம் என்பது பாதி உண்மை. மாறாத ஒரே சீரான இரைச்சல் என்றால், கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மடங்குகளான 100, 150-ம் மாதிரி, எடுத்துவிடலாம். ஃபேன் காற்று மைக்கில் மோதுவது அப்படி அல்ல, அது குரலோடு கலந்து கலந்து வருவது, பிடுங்கும்போது குரலின் சதையும் சேர்ந்து வரும். ஒரே பொத்தானில் குரலைச் சுத்தம் செய்து தருகிற கருவிகளையும் முயன்று பார்த்தோம். இரைச்சல் போய்விட்டது, ஆனால் சில சொற்களின் கடைசி எழுத்தும் போய்விட்டது, மீதிப் பேச்சு தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிட்டது. அதனால் இப்போது வழக்கம் இதுதான்: பதினைந்து நிமிடம் பேச்சு, ஃபேன் நிறுத்தம், பிறகு ஐந்து நிமிடம் ஃபேன், மோர், வெட்டிப் பேச்சு, மறுபடி பதினைந்து நிமிடம். வீட்டுக்குள் என்றால் துணி அலமாரி இருக்கிற அறை, ஜன்னல் மூடியிருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் இருக்கக்கூடாது, குக்கர் விசிலை அடுத்த வீட்டில்கூடச் சொல்லிவைக்க வேண்டும். மைக் டைனமிக் வகையாக இருந்தால் நம் வீடுகளுக்கு நல்லது. கண்டென்சர் மைக் குரலை அழகாக வாங்கும், எதிர்ச்சுவரையும் தெருமுனைக் காய்கறி வண்டிக்காரரையும் சேர்த்து வாங்கும்.

பட்டறையில் பதிவு செய்வது வேறு கணக்கு. அங்கே சத்தம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு அங்கே போவது? ஆனால் பேச்சுக்குப் பின்னால் லேத் தொடர்ந்து ஓடினால் எடிட்டரால் ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியாது, வெட்டிய இடத்தில் லேத்தின் சுருதி குதிக்கும். தம்பி சொன்ன வழி இது: பேச்சை மிஷின் நின்றிருக்கும்போது தனியாக எடுங்கள். பிறகு மிஷினை ஓடவிட்டு அதன் சத்தத்தை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் எடுங்கள், ஸ்விட்ச் போடுவதிலிருந்து நிற்பது வரை. பக்கத்தில் ஒன்று, வாசலில் நின்று ஒன்று. அப்புறம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, எந்த மிஷினும் ஓடாமல், அந்த இடத்தின் வெறுமையை அரை நிமிடம் எடுங்கள். இந்தக் கடைசி அரை நிமிடம்தான் விலை மதிப்பானது, ஏனென்றால் வெட்டிய இடங்களில் எல்லாம் ஒட்டுப்போட அதுதான் துணி. வெறும் டிஜிட்டல் மௌனத்தை வைத்தால் காது உடனே திடுக்கிடும். பட்டறை ஆட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், "ஒண்ணுமில்லாததப் போயி எதுக்குங்க புடிக்கறீங்க" என்று சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பால் அரை நிமிடத்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். 32 பிட் ஃப்ளோட்டில், அதாவது மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒன்றாகத் தாங்குகிற முறையில், பதிகிற சின்ன ரெக்கார்டர்கள் இப்போது கட்டுப்படியாகிற விலையில் வந்துவிட்டன, பட்டறைக்கு அவை வரப்பிரசாதம். யாரோ திடீரென்று கிரைண்டிங் வீலைத் தீட்ட ஆரம்பித்தால் மற்றக் கருவிகளில் லெவல் உடைந்துபோகும், இதில் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஒலி மைக் தலையிலேயே உடைந்திருந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஃபைலை அனுப்புவது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒரே தடம்), சுருக்காத வேவ் ஃபைல் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி வரும். இரண்டு குரல், பட்டறைச் சத்தம் என்று சேர்த்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். கூகுள் டிரைவ் இலவசமாகத் தருகிற 15 ஜிபி கொஞ்ச நாளில் நிறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பவே கூடாது, சுருக்கிவிடும் அபாயம் உண்டு. அவசரமென்றால் டாக்குமென்டாக அனுப்பலாம், 2 ஜிபி வரை போகும். எம்பி3-ஆக மாற்றி அனுப்புவதும் வேண்டாம், எடிட்டர் அதை மறுபடி எம்பி3-ஆகத்தான் வெளியே எடுப்பார், இரண்டு தடவை சுருங்கிய குரலில் 'ஸ'வும் 'ஷ'வும் சலசலக்கும். ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் எபிசோடு எண், யார் குரல், எந்தப் பகுதி. கூடவே ஒரு பக்கக் குறிப்பு.

அந்தக் குறிப்பை எழுதும் விதத்தில்தான் தூரத்து எடிட்டரோடு உறவு நிற்பதும் உடைவதும். நான் எழுதுவது இப்படி: விருந்தினர் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், எந்த மூன்று இடங்கள் கட்டாயம் இருக்க வேண்டும், எதைப் பற்றி எனக்குச் சந்தேகம், எவ்வளவு நீளத்துக்குள் வர வேண்டும். அவ்வளவுதான். முதல் டிராஃப்ட் கேட்டபிறகு நேரக் குறியோடு என் கருத்து: "18:05, இங்கே அவர் அவசரப்படுகிற மாதிரி இருக்கிறது." எப்படிச் சரி செய்வது என்று சொல்வதில்லை. '18:05-இல் அரை வினாடி இடைவெளி விடுங்கள்' என்று நான் எழுதினால் அவர் அரை வினாடி விடுவார், வேலை முடிந்தது, ஆனால் பிரச்சினை அதற்கு முன்னால் 17:50-இல் வெட்டிய ஒரு மூச்சில் இருந்திருக்கலாம். அவருக்குத்தான் அது தெரியும். 'ஃபீல் வரல', 'இன்னும் கொஞ்சம் பெப்பா' மாதிரியான குறிப்புகளை யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சட்டமே போடலாம். அதே போல வாய்ஸ் நோட்டில் ஏழு நிமிடத்துக்குக் கருத்துச் சொல்வதும், ஏனென்றால் அதைக் கேட்டு எழுதிக்கொள்வதும் எடிட்டர் தலையில்தான் விழுகிறது.

இனி வெட்டு. தமிழ்ப் பேச்சை வெட்டத் தமிழ் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உச்சரிப்பு அல்ல, வாக்கியம். எங்கள் பதிவில் வந்த ஒரு பேச்சு: "அப்ப அந்த மோட்டார எடுத்துட்டுப் போயி, அவருகிட்டக் காட்டி, அவரு இது ஆகாதுன்னு சொல்லி, மறுபடி வீட்டுக்கு வந்து, அப்பாகிட்டப் பேசி, கடைசில எடைக்குப் போட்டுட்டோம்." ஒரே மூச்சு. முடிகிற வினை ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். நடுவில் இரண்டு நீண்ட இடைவெளி இருந்தது, ஒன்று 'சொல்லி'க்குப் பின், இன்னொன்று 'பேசி'க்குப் பின். மொழி தெரியாத எடிட்டர் அலைவடிவத்தைப் பார்த்து அமைதி இருக்கிற இடத்தில்தான் கத்தரியை வைப்பார். 'சொல்லி'யில் வெட்டினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும், குரல் மேலே ஏறியபடி நிற்கும், கேட்பவர் அடுத்ததற்குக் காத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த கேள்வி வந்து விழும். வால் நீளமாக இருக்கிறதே என்று கடைசியை நறுக்கினாலோ, மோட்டாருக்கு என்ன ஆனது என்பதே போய்விடும். தமிழில் குறைக்க வேண்டுமென்றால் தலைப்பக்கம் குறைக்கலாம், இடுப்பில் குறைக்கலாம், வாலில் கை வைக்கக் கூடாது. இடுப்பிலும் பார்த்துத்தான்: 'ஆகாதுன்னு சொல்லி'யை எடுத்துவிட்டால், அவரிடம் காட்டிவிட்டு இவர்களாகவே எடைக்குப் போட்டதுபோல அர்த்தம் மாறிவிடும். தம்பி அந்த இடத்தில் 'மறுபடி வீட்டுக்கு வந்து' என்ற துண்டை மட்டும் எடுத்தார். இரண்டு வினாடி மிச்சம், ஒட்டு தெரியவே இல்லை, நான் ரா ஃபைலோடு, அதாவது வெட்டாத மூலப் பதிவோடு, வைத்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'அது வந்துங்க', 'என்னன்னாங்க' எல்லாம் நிறைய வரும். மொத்தமாக எடுத்துவிட்டால் ஆள் வேறு மாவட்டத்துக்காரர் ஆகிவிடுவார். வாக்கியத் தொடக்கத்தில் அடுக்கடுக்காக மூன்று வந்தால் இரண்டை எடுக்கலாம். பேச்சைத் தானே எழுத்தாக்கி, அந்த எழுத்தைப் பார்த்து வெட்டவிடுகிற கருவிகள் ஆங்கிலத்துக்குப் பிரமாதம், எழுத்தில் ஒரு சொல்லை அழித்தால் ஒலியிலும் அழிந்துவிடும். கொங்குப் பேச்சும் பட்டறை ஆங்கிலமும் கலந்து வரும்போது எங்கள் பதிவுகளில் அவை எழுதிக் கொடுப்பதைப் படித்து நாங்கள் சிரித்ததுதான் மிச்சம். 'புஷ் கழண்டுருச்சு' என்பதை என்னவெல்லாமோ எழுதியது. என்னுடைய 'ம்', 'சரிங்க', 'அப்படீங்களா'வும் ஒரு விஷயம். தனித்தனி டிராக் இருப்பதால் இதை எல்லாம் ஒரே இழுப்பில் ஊமையாக்கிவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் எடுத்தால் அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல இருக்கும். அவர் சொல்லின் மேல் ஏறி விழுகிறவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மூச்சு விடுகிற இடத்தில் வருகிறவற்றைத் தம்பி விட்டுவைப்பார். மூச்சும் அப்படியே, எடுப்பதில்லை, கொஞ்சம் இறக்கி வைப்பார்.

சத்த அளவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது எண்ணாக இருக்கிற வேலை. ஆப்பிள் பாட்காஸ்ட் மைனஸ் 16 லஃப்ஸ் (ஒலி காதுக்கு மொத்தத்தில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) சுற்றி ஒரு டெசிபல் முன்னே பின்னே இருக்கச் சொல்கிறது, உச்சம் மைனஸ் 1-ஐத் தாண்டக்கூடாது. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 என்கிறது. நாங்கள் மைனஸ் 16-இல் நிற்கிறோம். எண் சரியாக இருந்தாலும் விருந்தினர் குரலும் என் குரலும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதை மீட்டர் சொல்லாது, அதைக் காதால்தான் பார்க்க வேண்டும். தம்பி நல்ல ஹெட்போனில் கேட்டு முடித்துவிடுவார், நான் அதைக் காந்திபுரத்திலிருந்து வீட்டுக்கு வருகிற டவுன் பஸ்ஸில் மலிவு இயர்போனில் கேட்பேன், அப்புறம் சமையலறையில் போன் ஸ்பீக்கரில், குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது. எங்கள் நேயர்கள் கேட்பது அப்படித்தான். பஸ்ஸில் கேட்டபோது தொழிலாளி ஒருவர் மெதுவாகச் சொன்ன கூலி விவரம் முழுகிப்போவது தெரிந்தது, திருப்பி அனுப்பி ஏற்றச் சொன்னேன். பேச்சு நிகழ்ச்சிக்கு மோனோவே போதும், ஒரு பக்க இயர்போன் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்கிறவர்கள் ஏராளம்.

சண்டை வராமலா இருக்கும். லேத் ஓடத் தொடங்குகிற சத்தம் முழுதாக இருபது வினாடி ஓடட்டும் என்பேன் நான், எட்டு வினாடிக்குமேல் கேட்பவர் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார் என்பார் அவர். எஃப்எம் பழக்கம், அமைதி என்றாலே பயம். எனக்கோ விருந்தினர் யோசிக்கிற அந்த மூன்று வினாடி மௌனத்தை வெட்டினால் கோபம் வரும், கேள்வி அவரை எங்கே தொட்டது என்பது அதில்தான் இருக்கிறது. இப்போது ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். என்ன சொல்லப்படுகிறது, எது இருக்கும், எது போகும் என்பதில் கடைசிச் சொல் என்னுடையது. எப்படிக் கேட்கிறது என்பதில் அவருடையது. மௌனம் எந்தப் பக்கத்தில் வரும் என்று இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். வருத்தம் வருவதுபோல் இருந்தால் மெசேஜில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போன் போட்டுவிடுவது நல்லது, "ஏன் வெட்டினீங்க?" என்பது எழுத்தில் குற்றச்சாட்டு மாதிரி இருக்கும், குரலில் வெறும் கேள்விதான்.

நம்பிக்கை என்ற விஷயத்தை யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. "அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது" என்று சொன்னதும் விருந்தினர் உடம்பு தளரும், அப்போதுதான் உண்மையான பேச்சு வரும், ரெக்கார்டரோ ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பட்டறைக்காரர் அப்படித்தான் கடனைப் பற்றியும், சொத்தில் அண்ணனுக்குப் போன பங்கைப் பற்றியும் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டார். அதுவரை பேசியதைவிட அந்த ஐந்து நிமிடம் கனமாக இருந்தது, எந்தத் தொகுப்பாளருக்கும் கை அரிக்கும். தம்பியிடமிருந்து தனி மெசேஜ்: "அக்கா, கடைசியில இருந்தத நான் தனியா எடுத்து வெச்சிருக்கேன், டிராஃப்ட்ல போடல. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க." கேட்டேன். "அய்யோ வேண்டாமுங்க, பங்காளிக காதுக்குப் போனா அப்புறம் ஊருக்குள்ள தலை காட்ட முடியாது" என்றார். அதோடு முடிந்தது. ரா ஃபைலில் இப்படி எத்தனையோ பேரின் வீட்டு விஷயம் கிடக்கும், அது இன்னொரு ஊரில் இன்னொருவர் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நிகழ்ச்சி வெளியாகிச் சில வாரம் கழித்து அவர் பக்கத்து ரா ஃபைலை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. என் பக்கம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்டுத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். முடிந்த நிகழ்ச்சியின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். அது எடிட்டருக்கு அநியாயம். இரண்டு மணி நேரப் பேச்சை முப்பது நிமிடமாக்குவதும், நாற்பது நிமிடத்தை முப்பதாக்குவதும் ஒரே வேலையா? நாங்கள் ரா பதிவின் நீளத்துக்குக் கணக்குப் போடுகிறோம், அதில் ஒரு சுற்றுத் திருத்தம் அடங்கும், அடுத்த சுற்றுக்குத் தனி. இப்படி வைத்ததில் எனக்கும் லாபம், வளவளவென்று பதிவு செய்தால் என் காசுதான் போகும் என்பதால் கேள்விகளைத் தயார் செய்துகொண்டு போகிறேன். ஃபைனல் வந்த அன்றே ஜிபேயில் போட்டுவிடுகிறேன். தூரத்தில் இருப்பவர் நேரில் வந்து கேட்க முடியாது, போன் போட்டுக் கேட்கவும் கூச்சப்படுவார், நாம் இழுத்தால் அடுத்த எபிசோடு எங்கே முடங்குகிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. புராஜெக்ட் ஃபைல் யாருக்குச் சொந்தம் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். நாங்கள் இருவருமே ரீப்பர் என்ற எடிட்டிங் மென்பொருளில்தான் திறக்கிறோம், அதனால் ஒவ்வொரு எபிசோடின் முழு ஃபோல்டரும் என்னிடமும் வந்துவிடும்.

புதிதாக ஆள் தேடுகிறவர்கள், அவர்கள் செய்த பழைய நிகழ்ச்சிகளைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அதில் எவ்வளவு அவர் வேலை, எவ்வளவு நல்ல பதிவு என்பது தெரியாது. உங்களிடம் இருப்பதிலேயே மோசமான பத்து நிமிடத்தை அனுப்புங்கள்: நடுவில் நாய் குரைக்க வேண்டும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச வேண்டும், ஒரு கதை பாதியில் நின்று எங்கேயோ போக வேண்டும். விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள். திரும்பி வருகிற ஒலியைவிட அதோடு என்ன கேள்வி வருகிறது என்று பாருங்கள். கேள்வியே இல்லாமல் சுத்தமான ஃபைல் மட்டும் வந்தால், அந்தப் பத்து நிமிடத்துக்கான காசைக் கொடுத்துவிட்டு நான் இன்னொருவரைத் தேடுவேன்.